7ஆம் நம்பர் மலை

வெள்ளவத்தை வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு தரம் தேநீர் ஊற்றுகிறவள் நான். இலங்கையில் தேயிலை முதன்முதலாகத் தோட்டமாகப் பயிரான இடத்தைப் பார்க்கும் ஆசை சென்ற விடுமுறையில்தான் நிறைவேறியது. கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாக லூல்கந்துர போகவேண்டும். பாதையெல்லாம் வளைவு. முகர்ந்துகொள்ள ஒரு தேசிக்காய் கையில் இருப்பது நல்லது.

ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கைக்கு வந்தபோது மலையெங்கும் கோப்பி. 1867இல் அவர் இங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதுதான் 7ஆம் நம்பர் மலை. (தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் தோட்டத்தில் மலை என்றே சொல்வார்கள்.) 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது. பிறகு துரைமார் பலரும் தேயிலைக்கு மாறினார்கள். ஆரம்பத்தில் தொழிற்சாலை ஏது? பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி மூட்டி உலர்த்தினார்களாம். 1873இல் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது.

டெய்லர் உட்கார்ந்த கல்லாசனம் இன்றும் இருக்கிறது. பழைய பங்களாவின் புகைபோக்கியும் நிற்கிறது. 1892இல் அவர் இறந்தபோது தோட்டத்து ஆட்களே மாறி மாறித் தோள்கொடுத்துக் கண்டி மஹியாவ மயானம்வரை சுமந்தார்கள். சுமந்தவர்களின் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். காணவில்லை.

அந்தக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியில் வாந்திபேதிக்குப் பலியானவர்கள் ஏராளம். பிழைத்து வந்தோருக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. 1948இன் சட்டத்தால் அவர்களின் வழிவந்தோர் பிரஜாவுரிமையையும் இழந்தார்கள். மிச்சமிருந்தோருக்கு அது கிடைக்க 2003 ஆயிற்று.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அம்மா வேறொரு தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். "நிறை கொறைஞ்சா அரைப்பேருதாங்கம்மா" என்றார். அரைநாள் சம்பளத்துக்குத் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் அரைப்பேர்தான். சொந்த ஊர் எது என்று கேட்டேன். "தொறையூருப் பக்கமுன்னு எங்க பாட்டி சொல்லும்." துறையூரை அவர் கண்டதேயில்லை.

எடுத்த படத்தை அனுப்ப விலாசம் கேட்டேன்.

"லயத்துக்கு நம்பரு இல்லைங்கம்மா. தோட்டத்துப் பேரப் போடுங்க, ஆபீசுக்கு வரும். எம் பேர மட்டும் முழுசா எழுதுங்க. அதே பேருல இன்னும் நாலு பேரு இருக்காங்க."