இனிப்பின் மறைவில்

மதுவுக்குத் தமிழில் பெயர் பல. கள், நறவு, தேறல் எனச் சங்கச் சான்றோர் அதனை வகைவகையாகச் சுட்டினர். மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேன் தேறலை மலைநாட்டு மக்களின் விருந்துப் பொருளாக மலைபடுகடாம் காட்டுகிறது. அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்ட நாள்களை எண்ணி, அவன் மறைவுக்குப் பின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் உண்டு. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். போற்றியவரும் கடிந்தவரும் ஒன்றில் ஒத்திருந்தனர்; கள்ளைக் கள் என்றே சொன்னார்கள். அருந்தியவன் தான் அருந்துவது இன்னதென்று அறிந்தே அருந்தினான்.

இன்று நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கும் பழச்சாற்று மதுக் கலவைகளைக் காணும்போது இந்த ஒன்றுதான் மாறியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அக்கலவைகளில் பெரிதும் இடம்பெறுவது வோட்கா. தானியத்தையோ உருளைக்கிழங்கையோ புளிக்கவைத்துக் காய்ச்சி வடிக்கும் மது அது. கரியின் வழியே செலுத்தி மேலும் தூய்மைப்படுத்துவதும் உண்டு. நிறத்தையும் மணத்தையும் சுவையையும் இயன்றவரை நீக்குவதே அதனை ஆக்குவோரின் திறமை. சிலாவிய மொழிகளில் ‘வோடா’ என்றால் தண்ணீர். அச்சொல்லிலிருந்து பிறந்ததே வோட்கா. நம்மவரும் குடிப்பதைத் ‘தண்ணி போடுதல்’ என்கின்றனர். பனி நாட்டுச் சொல்லும் நம் தெருப் பேச்சும் ஒரே முகமூடியை அணிந்திருப்பது வியப்பன்றோ!

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் என் தமக்கையின் மகன் எங்கள் வீட்டில் தன் நண்பர்களுக்காக இக்கலவையை ஆக்கினான். அவன் கைப்பக்குவத்தை அருகிருந்து பார்த்தேன். பழுத்த அன்னாசியைக் கண் நீக்கி அரைத்து வடித்தான். அரை லிட்டர் சாறு தேறியது. பத்து லீமாவ் கஸ்தூரிக் கனிகளைப் பிழிந்தான். இரண்டு கரண்டி சர்க்கரைப் பாகு விட்டுப் புதினா இலைகளைக் கசக்கிப் போட்டான். நால்வருக்கு ஆளுக்கு 45 மில்லிலிட்டர் எனக் கணக்கிட்டு, 180 மில்லிலிட்டர் வோட்காவை அளந்து ஊற்றிப் பனிக்கட்டி இட்டுக் கலக்கினான். கண்ணாடிக் கூசாவில் அது பொன்னிறமாக மின்னியது. எலுமிச்சையின் புளிப்பு மதுவின் காரத்தைத் தணித்தது. பாகின் இனிப்பு அதன் கசப்பை மூடியது. பனிக்கட்டியின் குளிர்ச்சி நாவை மரக்கச் செய்தது.

உணவு மேசைமேல் இருந்த அக்கூசாவிலிருந்து என் அன்னையார் தம் குவளையில் சிறிது ஊற்றிக்கொண்டார். அவருக்கு வயது 84. இரண்டு மிடறு பருகிவிட்டு, “அன்னாசித் தண்ணி நல்லா இருக்கே” என்றார். பேரன் பதறி ஓடிவந்து, “பாட்டி, அது வேண்டாம், மது கலந்திருக்கு” என்று குவளையைப் பற்றினான். அம்மா சினக்கவில்லை. குவளையை மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்தார், மீண்டும் முகர்ந்தார். பிறகு சொன்னார்: “வாடை இருந்தா ஒதுங்கிக்கலாம். இதுக்கு அதுவும் இல்லையே, ஐயா!”

அச்சொல்லின் கனம் பேரனுக்கு முழுதும் விளங்கியிருக்குமா என்பது ஐயமே. எனக்கு விளங்கியது. அறுபதுகளில் தோட்டத்து வரிசை வீட்டில் வாழ்ந்தோம். சம்பள நாள் மாலையில் தந்தையார் வாசற்படி ஏறுமுன்னரே காற்றில் வரும் கள் வாடையைக் கொண்டு அம்மா அவர் நிலையை அறிந்துவிடுவார். எங்களை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய காசை அரிசிப் பானைக்குள் புதைப்பார். அந்த வாடையே அவருக்குக் காவலாக இருந்தது. அத்துணைப் பழகிய மூக்கையும் இந்தப் பழச்சாறு ஏமாற்றிவிட்டது.

இம்மறைப்பு புதியதன்று. சிங்கப்பூர் ராபிள்ஸ் விடுதியில் ஙியாம் தோங் பூன் என்னும் ஹைனானியப் பணியாளர் 1915ஆம் ஆண்டில் ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்னும் கலவையை ஆக்கினார் என்பது அவ்விடுதி கூறும் வரலாறு. ஜின் மதுவும் அன்னாசிச் சாறும் எலுமிச்சையும் சேர்ந்த அதன் இளஞ்சிவப்பு நிறம், பெண்கள் பொது இடத்தில் பழச்சாறு பருகுவதுபோல் மது அருந்த வழி செய்தது என்றும் சொல்வர்.

கணக்கையும் பார்ப்போம். வோட்காவில் பொதுவாக 40 விழுக்காடு சாராயம் உண்டு. எனவே 45 மில்லிலிட்டரில் 18 மில்லிலிட்டர் தூய சாராயம். தென்னங்கள்ளில் சாராயம் 5 விழுக்காடு எனக் கொண்டால், அதே அளவைப் பெற 360 மில்லிலிட்டர் கள் அருந்த வேண்டும். கள் வயிற்றை நிறைத்து, ‘போதும்’ என்று உணர்த்தும். இனிய கலவையோ இன்னுமொன்று கேட்கத் தூண்டும்.

தோட்ட நிருவாகங்களே கள்ளுக்கடை நடத்திய காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். காவலரோடு நேர்ந்த மோதலில் உயிரிழப்பும் நிகழ்ந்தது. அவர்கள் எதிர்த்த பகைக்கு ஒரு கடை இருந்தது. கடைக்குக் கதவு இருந்தது. கதவின்முன் நின்று மறிக்க முடிந்தது. நம் சமையலறையில் பிழியப்படும் பழச்சாற்றின்முன் யார் மறியல் செய்வது?

மது வேண்டா என்பதே என் கொள்கை. தீங்கற்ற அளவு என ஒன்று மதுவுக்கு இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2023இல் அறிவித்தது. ஆயினும் வளர்ந்த பிள்ளைகளின் கையைப் பற்றித் தடுக்கும் காலம் கடந்துவிட்டது. எனவே அவர்களிடம் மூன்றை மட்டும் வேண்டுகிறேன்: அளந்து ஊற்றுங்கள், இன்னது கலந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகளும் முதியோரும் உண்ணும் மேசையில் அதனை வைக்காதீர்கள். மலேசியாவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதை 2017 டிசம்பர் முதல் சட்டம் தடுக்கிறது. கடைக்காரருக்கு உள்ள அந்தப் பொறுப்பு, வீட்டில் ஊற்றிக் கொடுப்பவருக்கு இல்லாமற் போகுமா?

விருந்தினர் நாம் தருவதை ஆராயாமல் வாங்கிப் பருகுவது நம்மீது கொண்ட நம்பிக்கையால். நாவும் மூக்கும் அறிய இயலாத ஒன்றை நாம் ஊற்றும்போது, அதனை அறிவிக்க நம் சொல்லைத் தவிர வேறு வழியில்லை. குவளையை நீட்டுமுன் அச்சொல்லைச் சொல்லிவிட வேண்டும்.