பிள்ளைக்கொரு மரம்

பல்லரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருந்தோம். வெயில் எட்டிப்பார்ப்பது அரிது. கத்தரிக்காயும் வாள்மீனும் கூவி விற்கும் குரல்கள் மட்டும் விடிய முதலே ஏறி வந்துவிடும். மரம் பார்க்க வேண்டுமென்றால் பியாற்சா மரீனாவுக்கு நடக்க வேண்டும். அங்கே கரிபால்டி தோட்டத்தில் நிற்பதை இத்தாலியர் பீக்குஸ் என்பார்கள். விழுதைக் கண்டதுமே எங்களுக்கு அது ஆல். அவுஸ்திரேலியப் பக்கத்து இனம், 1845 இல் பலெர்மோவின் தாவரவியல் தோட்டத்துக்கு வந்ததாம். அதுவும் கப்பலேறி வந்ததுதான்.

ஞாயிறு பின்னேரங்களில் அதன் நிழலில் இருந்து ஊர்க்கடிதங்களை வாசித்தோம். கடிதங்களில் பனைகள் விழுந்துகொண்டேயிருந்தன. பதுங்குகுழிக்குப் பனை, காவலரணுக்குப் பனை. வெட்டியவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள். பனை தறிக்க அனுமதி எடுக்கவேண்டிய நாடு அது என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

1992 மே 23 இல் நீதிபதி பல்கோனேயைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். நொத்தார்பார்த்தோலோ வீதியில் அவர் வீட்டு முன்னால் நின்ற மரத்தில் சனங்கள் கடிதங்களையும் படங்களையும் ஒட்டினார்கள். வேலைக்குப் போகும் வழியில் நாங்களும் நின்று பார்த்தோம். மரத்துக்குக் கடிதம் எழுதும் ஊர் எங்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. வேம்புக்கும் அரசுக்கும் நேர்த்தி வைத்த ஆட்கள்தானே நாங்கள்.

அதே 1992 இல் இரண்டு சட்டங்கள் வந்திருந்தன, ஏழு நாள் இடைவெளியில். சனவரி 29 இன் சட்டம், பிறந்து பதியப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நகரசபை ஒரு மரம் நடவேண்டும் என்றது. மரம் நின்ற இடத்தைப் பிறப்புப் பத்திரத்தில் எழுதவேண்டும் என்றும் சொன்னது. பெப்ரவரி 5 இன் குடியுரிமைச் சட்டமோ, அந்நியருக்கு இங்கே பிறந்த பிள்ளை பதினெட்டு வயதுவரை இடைவிடாது சட்டப்படி வசித்திருந்தால்தான், அதுவும் ஒரு வருடத்துக்குள் கேட்டால்தான், இத்தாலியர் ஆகலாம் என்றது. மரத்துக்குத் தாய்தகப்பன் எந்த நாடு என்ற கேள்வி இல்லை.

எங்கள் மகள் பிறந்தது 1993 இல், நாங்கள் வேலைக்காகப் போயிருந்த வேறொரு நகரத்தில். முதலாவது சட்டத்தைப்பற்றி யாரும் சொல்லவில்லை. பல நகரங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது சட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்தோம். தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, வீட்டு வாடகைச் சிட்டை எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் பதினெட்டு வருடம் கிடந்தன. 2011 இல் அவள் தகரத்தோடு போய்க் கையெழுத்து வைத்தாள்.

2013 இன் பத்தாம் இலக்கச் சட்டம் மரக்கடமையைத் திருத்தியது: 15,000 பேருக்கு மேலுள்ள நகரங்கள், ஆறு மாதத்துக்குள். பதவி முடிய முன்னர் எத்தனை மரம் நட்டோம் என்று நகரபிதா கணக்குக் காட்டவேண்டும். பெருமரங்களை அழித்தால் 5,000 முதல் 100,000 யூரோ வரை தண்டம். நல்ல சட்டம். எங்கள் பனைகளுக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை.

மகள் இப்போது லண்டனில். போன மாதம் பேரனைத் தூக்கிக்கொண்டு தொலைபேசியில் கேட்டாள்: "என்ர மரம் எங்கயம்மா நிக்குது?"

"பியாற்சா மரீனாவில" என்றோம்.

"அது கரிபால்டியின்ரயெல்லோ" என்றாள்.