கேமரன் மலை ஏறுமுன்

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்துடன் கேமரன் மலைக்குப் புறப்படுகிறீர்களா? தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைவுக்குப் பின் வளைவு. வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவியில் பிள்ளைகளைக் குளிக்கவிட்டுத் திரும்பும்போது கார் கிளம்பாவிட்டால்? ஆகவே, தாப்பாவிலேயே இஞ்சினை நிறுத்திப் பேட்டரியைப் பாருங்கள்.

முனையில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால், நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதையே கடைசியாக மாட்டுங்கள். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். அருகில் சிகரெட் கூடாது. பேட்டரி வாயு தீப்பற்றும். கவ்வி தளர்ந்திருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள்; மெல்லிய ஈயத்தகடு சுற்றி இறுக்குங்கள். முனையே ஆடினாலோ, அடியில் அமிலம் கசிந்தாலோ, புதுப் பேட்டரிதான் வழி.

மலைப்பாதையில், மூடுபனியில், விளக்கும் எரியாமல் பிள்ளைகளோடு நிற்பதைவிட அடிவாரத்தில் அரைமணி நேரம் போவது மேல். தேயிலைத் தோட்டங்கள் எங்கும் ஓடிவிடமாட்டா!