நிஜமாவே ஆணி அடிச்ச கதை

ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லிச் சொல்லியே ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல மக்களே. போன மாசம் ஊருக்குப் போனப்ப நிஜ ஆணியையே கையில எடுக்க வேண்டியதாப் போச்சு. அதைப் பிடுங்கவும் செஞ்சேன் :-)

அக்கா குடும்பம் விளாத்திகுளத்துல. மகளுக்கு எட்டு வயசு, மகனுக்கு அஞ்சு. லீவுக்குக் கோவில்பட்டியில முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்கு வந்தாங்க. அப்பர் பெர்த் யாருக்குன்னு மதுரை வரைக்கும் சண்டையாம். ஊர் திரும்பினதும் போன்ல ஒரே பாட்டு: "மாமா, நம்ம வீட்டுலயும் அப்பர் பெர்த் வேணும்." மெக்கானிக்கல் படிச்ச தைரியத்துல நானும் சரின்னுட்டேன்.

எங்க புஞ்சையில முன்னாடி வெட்டின வேப்பமரத்தை அறுத்து நிழல்ல அடுக்கி வச்சிருந்தோம். பச்சை மரத்துல செஞ்சா காயக் காய முறுக்கிக்கும். இது ரெண்டு வருஷம் காஞ்சது. பக்கத்துத் தெரு ஆசாரி உதவிக்கு வந்தார். நான் எக்ஸெல்ல எடைக் கணக்கு போட்டுட்டு இருக்க, அவர் எட்டிப் பாத்துட்டு, "தம்பி, கட்டிலு கனத்துல விழாது, ஆட்டத்துல விழும்"னார். நாலு வருஷப் படிப்பு காலி.

நான் அடிச்ச ஆணியெல்லாம் என்னையே பிடுங்க வச்சார். ஆட்டம் கொடுத்தா ஆணி இளகிடுமாம். காலும் சட்டமும் சேர்ற இடத்துல துளை வெட்டி, நாக்கு இறக்கி, குறுக்கே போல்ட் போட்டோம். பின்பக்கம் கோணலா ஒரு சட்டம். செவ்வகம் சாயும், முக்கோணம் சாயாது, அம்புட்டுத்தான். அப்புறம் நம்ம கரிசல் மண்ணு. மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண்ணு மேல போட்ட தரை எங்க மட்டமா இருக்கப் போகுது? ஒரு காலு அந்தரத்துல நின்னுச்சு. அடியில கட்டை கொடுத்து, சுவரோட சேத்து போல்ட் முடுக்கினோம்.

மேல்தட்டுல நாலு மூட்டை சிமெண்ட், மொத்தம் 200 கிலோ, ராத்திரி முழுக்க ஏத்தி வச்சேன். அசையல. காலையில அந்தப் பெருமையோட நிக்கிறப்ப காப்பியோட வந்த அம்மா மேல பாத்தாங்க.

"ஏய்யா, பிள்ளைங்க மேல எந்திச்சு நின்னா காத்தாடி அடிக்காதா?"

டேப்பை எடுத்து அளந்தேன். மேல்தட்டு அஞ்சடி உயரம். மருமக உயரம் நாலடி. ஃபேன் இறக்கை எட்டரை அடியில சுத்துது. கை இல்ல, தலையே போய் இடிக்கும். காப்பி தொண்டையில இறங்கல.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். இந்த மாதிரி அடுக்குக் கட்டிலுக்குன்னே அமெரிக்காவுல 2000-ல ஒரு விதி அமலுக்கு வந்திருக்கு. மேல்தட்டுக்கு ரெண்டு பக்கமும் தடுப்பு வேணும், சுவர்ப் பக்கமும் சேத்து. மெத்தைக்கு மேல குறைஞ்சது 5 இஞ்ச் தடுப்பு தெரியணும். தடுப்புல இருக்கிற இடைவெளி வழியா 3.5 இஞ்ச் கட்டை நுழையக் கூடாது. ஏன்னா பிள்ளையோட உடம்பு நுழைஞ்சிரும், தலை மாட்டிக்கும். ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க மேல படுக்கவே கூடாது.

நானோ காத்து வரட்டும்னு 5 இஞ்ச் விட்டிருந்தேன். சுவர்ப் பக்கம் தடுப்பே இல்ல. தடுப்பு உயரம் 7 இஞ்ச், ஆனா அக்கா ஆசையா வாங்கின மெத்தையே 6 இஞ்ச். மிச்சம் ஒரு இஞ்ச்! 200 கிலோ தாங்குற கட்டில் வேற, பிள்ளைங்க படுக்கிற கட்டில் வேறன்னு அப்பத்தான் மண்டையில ஏறுச்சு.

மிச்சக் கட்டையில மூணரை இஞ்ச் சதுரமா ஒண்ணு வெட்டி, ஒவ்வொரு சந்துலயும் நுழைச்சுப் பாத்தேன். நுழைஞ்ச இடத்துலயெல்லாம் இன்னொரு ரீப்பர். சுவர்ப் பக்கமும் தடுப்பு வந்துச்சு. மெத்தையை மெல்லிசா மாத்தி, தடுப்பை இன்னும் ஒசத்தினோம். சீலிங் ஃபேனைக் கழட்டிட்டு, கூண்டு வச்ச ஃபேனை எதிர்ச் சுவர்ல மாட்டினோம். விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள சின்னவன் மேல்சட்டத்துல அக்கா சேலையைக் கட்டித் தூளி ஆடிட்டு இருந்தான். கயிறு, சேலை, துப்பட்டா எதுவும் கட்டில்ல தொங்கக் கூடாதுன்னு அன்னைக்கே சட்டம் போட்டாச்சு. கழுத்துல சுத்திட்டா யாரு பாக்குறது?

முதல் நாள் ராத்திரி மருமக மேல, மருமகன் கீழ, நான் தரையில பாய் விரிச்சுப் படுத்தேன். 200 கிலோ தாங்கின கட்டில்தான். ஆனாலும் 22 கிலோ பிள்ளை புரண்டு படுக்கிற சத்தத்துக்கு நாலு தடவை எந்திச்சு உக்காந்தேன். கடைசியா எந்திச்சப்ப அம்மாவும் வாசப்படியில நின்னுட்டு இருந்தாங்க.

டிஸ்கி: சின்னவனுக்கு ஆறு வயசு ஆக இன்னும் எட்டு மாசம் இருக்கு. தினமும் காலண்டர்ல ஒரு நாளை அடிச்சிட்டு வர்றான்.