பஸ்ஸரை அணைத்த விரல்

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் எங்கள் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் பாத்திர வியாபாரம் எனக்கு. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கென்றே வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. 2023-இல் தீபம் நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. 22-ஆம் தேதி புதன்கிழமை ராத்திரி கடையை எடுத்துவைக்கும்போது எண்ணிப் பார்த்ததில் ஒரு ஜோடி விளக்கு குறைந்தது. இரண்டடி உயரம், ஜோடி ஏழு கிலோ சொச்சம். அவ்வளவு கனத்தை எப்படித் தூக்கிப்போக முடியும் என்று வெளியாட்கள் கேட்பார்கள். குத்துவிளக்கு திருகுமரையில் நிற்கிற பொருள். பாதம் தனி, தண்டு தனி, தட்டு தனி, உச்சியில் அன்னம் தனி. கழற்றினால் இரண்டு துணிப்பைக்குள் அடங்கிவிடும்.

கடையில் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். எல்லாரையும் ஒரே மாதிரிதான் கேட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விளக்குப் பக்கம் நின்றவன்மேல் என் பார்வை இரண்டு நொடி கூடுதலாக நின்றது. பதினொரு வருஷமாக என்னிடம் இருந்தவன். அந்த மாதம்தான் சம்பளத்தில் முன்பணம் கேட்டிருந்தான். அதை அப்போது நான் நினைத்தேன். நான் நினைத்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, கேமராவைப் போட்டுப் பாருங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றான்.

போட்டேன். திரையில் நாலு கட்டம், நாலிலும் படம் தெளிவாகத் தெரிந்தது. ரெக்கார்டரில் பழைய பதிவைப் பார்க்கப் போனால் ஒரு காலண்டர் விரியும். பதிவு இருக்கிற தேதிகளில் மட்டும் நிறம் ஏறியிருக்கும். நவம்பர் முழுக்க வெறுமை. அக்டோபரும் அப்படியே. செப்டம்பருக்குப் போனால் 9-ஆம் தேதியோடு நிறம் நின்றிருந்தது. ஐந்து பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். "தீபாவளியும் இல்லையாண்ணே?" என்று கேட்டான் அவன். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

செப்டம்பர் 9 எனக்குத் தெரிந்த தேதிதான். ஆவணி முகூர்த்தத்துக்குச் சீர் பாத்திரம் எடுக்கக் கூட்டம் நெரித்த நேரம். ரெக்கார்டர் திடீரென்று பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. பேரம் பேசுகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டிக்கொடுத்த பையனுக்குப் போன் போட்டேன். "டிஸ்க் கனெக்‌ஷன் லூசா இருக்கும்ணே, வந்து பாக்குறேன். இப்போதைக்கு செட்டிங்ஸ்ல போய் பஸ்ஸரை ஆஃப் பண்ணிக்குங்க" என்று வழி சொன்னான். மவுஸைப் பிடித்து நானே டிக்கை எடுத்தேன். சத்தம் நின்றது. அவன் வரவில்லை, நானும் மறுபடி கூப்பிடவில்லை. திரையில் படம் வந்துகொண்டிருந்ததே, எதற்குக் கூப்பிட வேண்டும்? டிஸ்க் செத்தாலும் நேரடிப் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. எழுபத்தைந்து நாள் அந்தப் பெட்டி பார்த்தது, எதையும் எழுதிவைக்கவில்லை.

இந்தக் கதையின் தொடக்கம் 2022 தீபாவளிக்கு முன்னால். கடைக்குக் கடை கேமரா வையுங்கள் என்று போலீஸார் சொல்லிவிட்டுப் போன சமயம். மாட்ட வந்த பையன் ஒரு தாளில் விலை எழுதினான். நாலு கேமரா, டிவிஆர் என்கிற நாலு சேனல் ரெக்கார்டர், கேபிள், பவர் சப்ளை எல்லாம் போக, டிஸ்க்குக்கு மட்டும் இரண்டு வரி. 'கேமரா டிஸ்க் 1 டிபி' என்று ஒன்று. 'நார்மல் 1 டிபி' என்று இன்னொன்று. நடுவே 1,700 ரூபாய் வித்தியாசம். "ரெண்டும் ஒரு டிபிதானே தம்பி?" என்றேன். "ஆமாண்ணே, ரெண்டும் ஒண்ணுதான், நார்மலே ஓடும்" என்றான்.

இதை நான் கேட்டேன் என்பதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. என் பிழைப்பே என்ன? எவர்சில்வரில் 202 கிரேடுக்கும் 304 கிரேடுக்கும் பளபளப்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டும் ஒரே அளவுக் குடம், ஒரே அளவுத் தண்ணீர் பிடிக்கும். உப்பும் புளியும் படப்படத்தான் எது எது என்று தெரியும். விலை குறைத்துக் கேட்கிறவர்களிடம் இதை முப்பது வருஷமாகச் சொல்லி வியாபாரம் செய்கிறவன், அடுத்தவன் தொழிலுக்குப் போனதும் கொள்ளளவை மட்டும் பார்த்தேன்.

காந்தி பார்க் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் அந்த டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோனேன். அவர் அதைக் கம்ப்யூட்டரில் செருகி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தார். டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே குறித்துவைக்கும் கணக்கு அதில் தெரியும். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்கள் என்ற வரி மஞ்சளாக இருந்தது. அவர் கை வைத்துக் காட்டியது வேறொரு வரியை. ஓடிய நேரம்: 38,412 மணி.

"வாங்கி எவ்வளவு நாளாச்சுண்ணே?"

"பதினாலு மாசம்."

ராப்பகலாக ஓடினாலும் பதினாலு மாசத்துக்குப் பத்தாயிரம் மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மீதி 28,000 மணி நேரம், அதாவது மூன்று வருஷத்துக்கு மேல், இந்த டிஸ்க் வேறு யார் வீட்டிலோ ஆபீஸிலோ உழைத்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறது. மேலே ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் புதிது. "மணிக்கணக்கை அழிக்காம வித்திருக்காங்க, அந்த மட்டும் நேர்மைதான். ஜீரோ பண்ணி விக்கிறதும் உண்டுண்ணே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தோம். '1 டிபி எச்டிடி' என்று மட்டும் இருந்தது. சீரியல் நம்பர் இல்லை. அந்த நம்பர் இருந்தால், தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு வாரண்டி எப்போது முடிகிறது என்று வாங்கிய அன்றே பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

கேமரா டிஸ்க்குக்கும் சாதா டிஸ்க்குக்கும் என்னதான் வித்தியாசம் என்று கேட்டேன். அவர் பழைய கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாலு கேமராவுக்கு 16. எட்டால் வகுத்தால் விநாடிக்கு 2 மெகாபைட். ஒரு நாளைக்கு 172 ஜிபிக்கு மேல், ஒரு வருஷத்துக்கு 63 டெராபைட். சீகேட் நிறுவனம் மேசைக் கம்ப்யூட்டருக்கென்று விற்கும் பாராகுடா டிஸ்க்குக்கு வருஷத்துக்கு 55 டெராபைட் வேலைதான் கணக்கு, ஓடுவதும் வருஷத்துக்கு 2,400 மணி நேரம் என்ற கணக்குதான். வருஷத்துக்கு மொத்தமே 8,760 மணி நேரம், டிவிஆர் அத்தனையும் ஓடும். அதே நிறுவனத்தின் ஸ்கைஹாக், டபிள்யூடியின் பர்ப்பிள் எல்லாம் கேமராவுக்கென்றே செய்தவை. நாள் முழுக்க ஓட, வருஷத்துக்கு 180 டெராபைட் வரை தாங்க.

இன்னொன்றும் சொன்னார். கம்ப்யூட்டர் டிஸ்க் ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் விடாமல் திரும்பத் திரும்ப முயலும், ஏனென்றால் அங்கே ஒரு எழுத்து போனாலும் கணக்கே தப்பாகும். கேமரா டிஸ்க்குக்கு அந்தப் பிடிவாதம் ஆகாது. ஒரு புள்ளி போனால் போகட்டும், அடுத்த படத்தை எழுது என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தத் தாளிலேயே இன்னொரு கணக்கும் வந்து விழுந்தது. 1 டிபியில் ஒரு மாசம் நிற்கும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நாளைக்கு 172 ஜிபி என்றால் ஆறு நாள்கூட நிற்காது. பிறகு எப்படி ஒரு மாசம்? படத்தைக் குறைத்துத்தான். என் பெட்டியில் 1080 என்று எழுதியிருந்த இடத்தில் பக்கத்திலேயே சின்னதாக ஒரு 'என்' எழுத்து இருந்ததாம். உயரம் 1080, அகலத்தில் பாதி. திரையில் அதை இழுத்துவிட்டு முழுசு மாதிரி காட்டும். ஆள் நடப்பது தெரியும், முகம் தெரியாது. போதாக்குறைக்கு, அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய் என்று வைத்திருந்தார்கள். கடையில் உத்தரத்தில் தொங்கும் சரவிளக்கும் மின்விசிறியும் சும்மா இருக்குமா? ராத்திரியில் கேமரா முன்னால் சிலந்தி வலை கட்டினால், அகச்சிவப்பு வெளிச்சம் பட்டு அது வெள்ளைத் திரையாக ஆடிக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் பாதி எங்கள் கடைச் சிலந்திக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது.

ரெக்கார்டரை எங்கே வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருடன் கண்ணில் படக்கூடாது என்று பரணில், பிளைவுட் பெட்டி செய்து, பூட்டுப் போட்டு. காற்றுப் போக ஒரு துளைகூட இல்லை. கைவைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. யூபிஎஸ்ஸும் கிடையாது, கரண்ட் போகும்போதெல்லாம் எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் அப்படியே நின்றிருக்கிறது. பழைய டிஸ்க் கொடுத்தவன்மேல் கோபம் இருக்கிறதுதான். ஆனால் அந்தச் சூட்டில் புது டிஸ்க்கும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது சாத்தான்குளம் நினைவுக்கு வந்தது. 2020 ஜூன். ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த வழக்கு. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார்: நிலையத்துக் கேமராவின் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்று. அதைப் பேப்பரில் படித்து, கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கொதித்தவன் நான். அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டால் ஒரு வருஷமாவது வேண்டும் என்று உத்தரவிட்டது. கேமராவுக்கு 2 மெகாபிட் என்று வைத்தாலும், நாலு கேமராவை 18 மாதம் வைத்திருக்க 47 டெராபைட் வேண்டும். இந்தக் கணக்கை நான் போட்டது 2023 டிசம்பரில். 2020-இல் போட்டிருந்தால், 1 டிபி எவ்வளவு என்று தெரிந்துகொண்டே கேமரா வாங்கப் போயிருப்பேன். அங்கே ஒரு செட்டிங், இங்கே ஒரு செட்டிங். இரண்டையும் ஒப்பிடக் கூடாதுதான். அங்கே போனது இரண்டு உயிர். ஆனாலும் மவுஸைப் பிடித்து டிக்கை எடுத்த விரல் எனக்கு உறுத்துகிறது.

மறுபடி வாங்கியபோதும் நான் பெரிய செலவு செய்யவில்லை. கேமராக்களையும் கேபிளையும் அப்படியே வைத்துக்கொண்டேன். எச்.265 முறையில் சுருக்கி எழுதக்கூடிய எட்டு சேனல் ரெக்கார்டர் ஒன்று. ஐந்தாவதாகக் குடோனுக்கு ஒரு கேமரா வேண்டியிருந்தால் நாலு சேனல் பெட்டியில் இடம் ஏது? மலிவு ரெக்கார்டர்களில் டிஸ்க் மாட்ட ஒரே ஒரு இடம்தான் இருக்கும். அதனால் முதலிலேயே 2 டிபி கேமரா டிஸ்க், பெட்டி பிரிக்காமல், சீரியல் நம்பர் எழுதிய பில்லோடு. மூன்று வருஷ வாரண்டி. எச்.265-இல் கேமராவுக்கு 2 மெகாபிட் போதும் என்பதால் 23 நாள் நிற்கிறது. பிளைவுட் பெட்டியில் ஆசாரியை விட்டு இரண்டு பக்கமும் கம்பி வலை வைத்தேன். சின்ன யூபிஎஸ் ஒன்று. பாஸ்வேர்டும் மாற்றினேன், பழையதில் 123456 இருந்தது. 2016-இல் மிராய் என்ற கிருமி இப்படிப்பட்ட மாற்றாத பாஸ்வேர்டுகளை வைத்துத்தான் டிவிஆர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது என்று அந்தத் தம்பி சொன்னார். பஸ்ஸர் ஆனில் இருக்கிறது.

விளக்குப் பக்கம் நின்றவன் தீபக் கூட்டம் முடியும்வரை ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. டிசம்பர் நடுவில் ஒரு காலை, "மார்கழி பொறக்குறதுக்குள்ள கணக்கு முடிச்சுக் குடுத்துருங்கண்ணே" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முன்பணத்தைக் கழிக்க வேண்டாம் என்றேன். கழித்துக்கொண்டுதான் வாங்கினான். தைப் பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, நானும் வேற இடம் பாக்கணும்னுதான் இருந்தேன்" என்றான். விளக்கு கிடைக்கவில்லை. எடுத்தது யார் என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தியதும் இப்போது ஒரு வேலை வைத்திருக்கிறேன். பத்து நாளுக்கு முந்தைய ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, ஏதாவது ஒரு கேமராவை ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பது. உங்கள் கடையிலோ வீட்டிலோ இந்தப் பெட்டி இருந்தால், நேரடிப் படத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், இன்று ராத்திரி பத்து நாளுக்கு முந்தைய ஒரு தேதியைப் போட்டுப் பாருங்கள். ஓடவில்லை என்றால் நாளைக் காலையிலேயே டிஸ்க்கை மாற்றிவிடுங்கள், கடையில் ஏதும் குறைவதற்குள்.