மடெலினுஸ் அடித்த காசு

காசு என்றால் அதில் ராஜா பெயர் இருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் 7ஆம் நூற்றாண்டில் ஃபிராங்குகளின் நாட்டில் (இன்றைய பிரான்சும் அதன் அக்கம்பக்கமும்) புழங்கிய பெரும்பாலான தங்கக் காசுகளில் ராஜா பெயரே கிடையாது! ஒரு பக்கம் ஊர்ப் பெயர், மறுபக்கம் காசு அடித்தவர் பெயர். நடுவில் ஒரு தலை உண்டு. அதுவும் பழைய ரோமச் சக்கரவர்த்திகளின் காசைப் பார்த்து வரைந்தது.

இதன் பெயர் டிரெமிஸிஸ். ரோமானிய சோலிடஸில் மூன்றில் ஒரு பங்கு. எடை சுமார் 1.3 கிராம், ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். இதை நூற்றுக்கணக்கான ஊர்களில் அடித்தார்கள். இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939இல் தோண்டிய கப்பல் கல்லறையில் இப்படி 37 காசுகள் கிடைத்தன. முப்பத்தேழும் வெவ்வேறு ஊர்க் காசுகள்!

கடல் வணிகம் வளர வளர இரண்டு துறைமுகங்கள் முன்னுக்கு வந்தன. ஒன்று, இங்கிலாந்துக்குக் கப்பலேறும் கான்ஷ் ஆற்றங்கரை குவெண்டோவிக். இன்னொன்று, ரைன் நதி பிரியும் இடத்தில் இருந்த டோரெஸ்டாட். இன்றைய நெதர்லாந்தில் இருக்கிறது.

நம்ம ஆள் மடெலினுஸ் வருவது இங்கேதான். முதலில் மாஸ்ட்ரிக்டில் காசு அடித்தவர், 630 வாக்கில் டோரெஸ்டாட்டுக்கு வந்தார். ‘டோரெஸ்டாட்டில் செய்யப்பட்டது’ என்று ஒரு பக்கம், ‘மடெலினுஸ்’ என்று மறுபக்கம். அவர் எங்கே பிறந்தார், எப்போது செத்தார், ஒரு தகவலும் இல்லை. காசில் இருக்கும் பெயர்தான் அவருடைய மொத்த வரலாறு.

ஆனால் அந்தப் பெயர் அவரை விட்டுத் தனியாகப் பயணம் போனது. வடக்கே ஃபிரிசியர்கள் அந்தக் காசைப் பார்த்து தாங்களே அடிக்க ஆரம்பித்தார்கள். நகலுக்கு நகல் எடுக்க எடுக்க எழுத்துகள் சிதைந்து வெறும் கோடுகளாயின. கூடவே தங்கமும் குறைந்து வெள்ளி ஏறியது. கிழக்கே பைசாந்தியத்தில் இருந்து வந்த தங்கம் வற்றியதே காரணம் என்கிறார்கள் பலர். 670களில் தங்கக் காசுக்கே மூடுவிழா! அதன் இடத்தில் வெள்ளி டெனாரியஸ் வந்தது.

யோசித்துப் பாருங்கள். அடித்தவனுக்கும் படிக்கத் தெரியாது, வாங்கியவனுக்கும் படிக்கத் தெரியாது. தங்கமும் பாதி இல்லை. ஆனாலும் கை மாறியது. அந்தக் கோடுகள் எப்போதோ ஒரு நாணயமான மனிதரின் பெயராக இருந்தன என்பதால்தான்.