வேர்டன் தந்த பயிற்றுநர்

கனடாவின் மொன்றியல் மாநகரில் நம்மவர் பலர் குடியேறி வாழ்வதை வாசகர்கள் அறிவார்கள். அம்மாநகரின் தென்மேற்கே, சென் லோறன்ஸ் நதிக்கரையை ஒட்டி வேர்டன் என்றொரு பகுதி உண்டு. 2002ஆம் ஆண்டு மொன்றியலுடன் இணைக்கப்படும்வரை அது தனி நகராகவே விளங்கியது.

நாம் அங்கே சென்றது மார்கழிக் குளிரில். தோளோடு தோள் உரசி நிற்கும் செங்கல் வீடுகள், வீட்டுக்கு வெளியே வளைந்து மேலேறும் படிக்கட்டுகள், படிதோறும் வெண்பனி. பூங்காக்களில் நீரைப் பாய்ச்சி விடுகிறார்கள். குளிர் அதனைக் கண்ணாடித் தளமாக்கி விடுகிறது. உடனே பிள்ளைகள் சறுக்குக் காலணிகளைக் கட்டிக்கொண்டு, வளைந்த தடியும் கையுமாய் வந்துவிடுகின்றனர். நம் ஊர்ச் சிறுவர்க்குத் தென்னம் மட்டையும் பந்தும் எப்படியோ, அவர்களுக்குப் பனிக்கட்டி ஹொக்கி அப்படி.

இவ்வூரிலேதான் 1933ஆம் ஆண்டு வில்லியம் ஸ்கொட் போமன் பிறந்தார். ஸ்கொட்டி போமன் என்றால்தான் விளையாட்டுலகம் அறியும். தந்தையார் ஸ்கொத்லாந்திலிருந்து வந்து குடியேறிய கொல்லர். மைந்தனுக்கோ ஹொக்கி வீரனாக வேண்டுமென்பதே கனவு. இளைஞர் குழுவொன்றிலே இடமும் கிடைத்தது. ஆனால் 1952ஆம் ஆண்டு, அவருக்குப் பதினெட்டு வயதாக இருக்கையில், எதிர்க்குழுவைச் சேர்ந்த ஜோன் கீ டல்போ என்பவரின் தடி அவர் தலையிலே இறங்கியது. உயிர் தப்பினார், பெரிய வீரனாகும் வழி மட்டும் அன்றோடு அடைபட்டுப் போயிற்று.

வேர்டனிலிருந்து நிலக்கீழ் மெற்றோ வண்டியில் ஏறினால் ஐந்தாவது தரிப்பிடம் அற்வோட்டர். அங்கே இறங்கி மேலே வந்தால் ‘ஃபோரம்’ எனப்படும் பெருங்கட்டடம் நிற்கிறது. 1924இல் எழுந்த இது, மொன்றியல் கனேடியன்ஸ் குழுவினரின் கோட்டையாக இருந்தது. 1996 மார்ச் 11ஆம் திகதி கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு அவர்கள் புதிய அரங்கிற்குப் பெயர்ந்தனர். பின்னர் இக்கட்டடம் திரையரங்குகளும் கடைகளும் கொண்டதாக மாற்றப்பட்டது. ஒரு மாநகரமே மூச்சடக்கி நின்ற இடத்தில் சோளப்பொரி மணப்பது நமக்குச் சற்று வருத்தமே.

ஆட்டம் கைவிட்டபின் போமன் வர்ணப்பூச்சு நிறுவனமொன்றில் வேலைக்கமர்ந்தார். மதிய இடைவேளை வந்ததும் அவர் விரைந்தது இந்த ஃபோரத்துக்குத்தான். கனேடியன்ஸ் வீரர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்திருந்துவிட்டு வேலைக்குத் திரும்புவார். ஆட முடியாதவர் பார்க்கக் கற்றுக்கொண்டார். மாலை வேளைகளில் சிறுவர் குழுக்களைப் பழக்கவும் தொடங்கினார்.

பயிற்றுநர் என்பவர் செய்வதுதான் யாது? ஹொக்கித் தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. காவலர் நீங்கலாக ஐவர் ஆடுவர். அவர்கள் பறக்கும் வேகத்திலே முக்கால் நிமிடத்துக்குமேல் எவராலும் தாக்குப்பிடிக்க இயலாது. எனவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கூட்டம் வாங்கிற்குத் திரும்ப, மறுகூட்டம் தளத்திலே குதிக்கும். யாரை, எப்போது, யாருக்கெதிராக இறக்குவது என்பதே பயிற்றுநரின் வித்தை. ஆட்டம் நிறுத்தப்படும் வேளைகளில் வந்த குழு முதலில் தன் வீரரைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்தபின்னரே சொந்த ஊர்க்குழு தன் வீரரை மாற்றும். இந்தச் சின்னஞ்சிறு சலுகையைப் போமனைப்போலப் பயன்படுத்தியவர் அரிது. பனிக்கட்டித் துண்டுகளை மென்றபடி வாங்கின் பின்னால் நிற்பார். எதிரணியின் சிறந்த வீரன் எழுந்தால் அவனை மடக்கத்தக்கவன் அப்போதே தயாராயிருப்பான்.

1967இல் தேசிய ஹொக்கிச் சங்கம் ஆறு குழுக்களிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியது. அவ்வாண்டே புதிய சென் லூயிஸ் குழு போமனின் பொறுப்பில் வந்தது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறுதிப் போட்டிவரை சென்று மூன்றிலும் தோற்றார். அக்குழுவில் அவர்கீழ் ஆடிய மூத்த வீரர்களுள் ஒருவர் யார் தெரியுமா? அதே ஜோன் கீ டல்போ! தம் கனவைக் கலைத்தவரைத் தம் வாங்கிலே அமர்த்தி ஆடவைத்த அந்த மனத்தை என்னென்பது! கிண்ணங்களை எண்ணுவோர் பலர். நமக்கு இச்செய்தியே பெரிதாகப் படுகிறது.

1971இல் போமன் ஃபோரத்துக்கு மீண்டார், இம்முறை கனேடியன்ஸின் பயிற்றுநராக. எட்டு ஆண்டுகளில் ஐந்து ஸ்டான்லி கிண்ணங்கள். 1976-77 பருவத்தில் ஆடிய 80 ஆட்டங்களில் தோற்றவை எட்டே எட்டு. ஆனால் அவர் இனியவர் அல்லர். வீரர்களுக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பதே புரியாமல் வைத்திருப்பார். ஆண்டில் 364 நாள் அவரை வெறுத்து, 365ஆம் நாள் வெற்றி மோதிரம் பெற்றதாக அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஷட் வேடிக்கையாகக் கூறியதுண்டு. வீட்டுப் பெரியவர்கள் இம்முறையைப் பிள்ளைகளிடம் கையாளலாமென்று நாம் சொல்லமாட்டோம்.

குழுவின் முகாமையாளர் பதவி வேறொருவருக்குப் போகவே, 1979இல் அவர் மொன்றியலை நீங்கினார். பஃபலோவில் கிண்ணம் கிட்டவில்லை. பிற்ஸ்பேர்க் குழுவின் பயிற்றுநர் பொப் ஜோன்சன் 1991இல் நோயுற்றபோது அப்பொறுப்பை ஏற்று, மறு ஆண்டே வென்றார். பின்னர் டெற்றோயிற். 42 ஆண்டுகளாகக் கிண்ணத்துக்கு ஏங்கியிருந்த அந்நகருக்கு 1997இலும் 1998இலும் 2002இலும் அதை வென்று கொடுத்தார். மொன்றியலின் பழைய பயிற்றுநர் டோ பிளேக் வென்றவை எட்டு, போமனுக்கு ஒன்பது.

1997 ஆனி மாதத்து இரவில், வெற்றி முழங்கியதும், 63 வயதுப் போமன் சறுக்குக் காலணிகளை அணிந்து தளத்திலே இறங்கினார். ஏறக்குறைய 35 இறாத்தல் நிறையுள்ள கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, வேர்டன் சிறுவனைப்போல் சறுக்கிச் சென்றார்.